பால் தம்ளரில் வந்த கதிர்வீச்சு

1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4ஆம் உலை வெடித்தது. காற்றில் கலந்த அயோடின்-131, உக்ரைன், பெலாரஸ் மேய்ச்சல் நிலங்களில் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தது. கறந்த பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள்.

எட்டு நாளைக்கு ஒருமுறை இந்த அயோடினின் கதிர்வீச்சு பாதியாகிவிடும். இரண்டு, மூன்று மாதம் உள்ளூர்ப் பாலை நிறுத்தியிருந்தாலே ஆபத்தில் பெரும்பகுதி விலகியிருக்கும். பல கிராமங்களில் அதைச் சொல்ல ஆளில்லை. அண்டை நாடான போலந்தோ சில நாட்களுக்குள் சுமார் ஒரு கோடிப் பிள்ளைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்து முடித்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிள்ளைகளுக்கு ஏன் அதிகம்?

நல்ல அயோடின், கதிர்வீசும் அயோடின் என்ற வித்தியாசம் தைராய்டு சுரப்பிக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோல் இழுத்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி மிகச் சிறியது. வளரும் வயதில் அதன் செல்களும் பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் குடித்த பால் ஒரே அளவானாலும் அடி பலமாக விழுந்தது.

நான்கைந்து ஆண்டுகளில், பெலாரஸின் கோமெல் பகுதியில், பிள்ளைகளுக்கு வெகு அரிதாக வரும் தைராய்டு புற்றுநோய் அடுத்தடுத்துத் தென்பட்டது. அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைகளின் அடிக்கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு நின்றது. அதற்குச் 'செர்னோபில் அட்டிகை' என்றே பெயர் வந்துவிட்டது.

அறுந்து, தவறாக ஒட்டிய மரபணு

நம் 10ஆம் குரோமோசோமில் 'ரெட்' என்றொரு மரபணு உண்டு. தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் செல்களில் அது பொதுவாக உறங்கிக் கிடக்கும். கதிர்வீச்சு டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்து அறுத்துவிடும். செல் அவசரமாக ஒட்டுப்போடும்போது ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி, எப்போதும் விழித்திருக்கும் வேறொரு மரபணுவோடு ரெட் இணைந்துவிடலாம். அப்புறம் 'பெருகு, பெருகு' என்ற கட்டளை ஓயாது. பெரியவர்களுக்குத் தானாக வரும் கட்டிகள் பலவற்றில் கதை வேறு: அங்கே 'பிராஃப்' மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்.

உக்ரைனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை அலசிய ஆய்வு 2021இல் வெளியானது. கதிர்வீச்சு கூடக்கூட இப்படி அறுந்து ஒட்டிய கோளாறுகளும் கூடியிருந்தன. சிறு வயதில் பட்டவர்களிடம் இது இன்னும் தெளிவு. ஆனாலும் 'இது கதிர்வீச்சால் வந்தது' என்று முத்திரை குத்தும் தனி அடையாளம் எதுவும் கட்டியில் அகப்படவில்லை. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகளிடம் புதிய மரபணு மாற்றங்கள் கூடவில்லை என்றது. எத்தனையோ தாய்மார்களின் பயத்துக்கு அது மருந்து.

யார் கவனிக்க வேண்டும்?

தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. அறுவைக்குப் பின் எஞ்சும் செல்களை அழிக்க, தேவைப்படுவோருக்குக் கொடுப்பதும் அதே அயோடின்-131தான்.

சிறுவயதில் வேறு புற்றுநோய்க்காகக் கழுத்திலோ மார்பிலோ கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், பல பத்தாண்டுகள் கழிந்தாலும், கழுத்தைத் தவறாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வலியில்லாத சிறு கட்டி, மாறாத குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம் எதையும் தள்ளிப்போடக் கூடாது. அன்றைய மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்.