கட்டியைப் பட்டினி போடும் குட்டி உருண்டைகள்

ஒரு புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுக்காமல், அதுக்குப் போற ரத்தத்தை நிறுத்தியே அழிக்க முடியுமா? கல்லீரல் விஷயத்தில் ஓரளவுக்கு முடியும். எப்படின்னு பார்க்கலாம்.

அபார்ட்மெண்ட்ல கார்ப்பரேஷன் லைன், போர் லைன்னு ரெண்டு இருக்குமில்லையா? கல்லீரலுக்கும் அப்படித்தான். சுமார் 75 சதவீத ரத்தம் குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியா வருது. மீதி கல்லீரல் தமனி வழியா. ஆனால் கல்லீரலில் உருவாகும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தமனியை மட்டுமே நம்பி வளரும். அந்தத் தமனிக் கிளையை அடைச்சா கட்டி பட்டினி. நல்ல பகுதியைச் சிரை காப்பாத்திடும். அதனால்தான், போர்ட்டல் சிரை திறந்திருக்கான்னு டாக்டர்கள் முதல்ல பார்க்கிறாங்க.

தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியா மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கட்டிக்குப் போகும் கிளை வரை கொண்டுபோவாங்க. அங்கே எதைப் போட்டு அடைக்கிறது? 2002-ல் பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள், அறுவை சிகிச்சை செய்ய முடியாதவங்களில் சிலர் இந்த வழியில் கூடுதல் காலம் வாழ்வதைக் காட்டின. அப்போ பயன்பட்டது எண்ணெயில் கலந்த மருந்தும் ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளும்.

ஒழுங்கற்ற துணுக்குகள் ஒண்ணோடொண்ணு ஒட்டி, போக வேண்டிய இடத்துக்கு முன்னாடியே சிக்கிக்கும். அதுக்குத் தீர்வுதான் ஒரே அளவிலான உருண்டைகள். பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பாலிமரில் செய்வாங்க. பொதுவா 100 முதல் 300 மைக்ரோமீட்டர் இருக்கும். அளவுதான் இங்கே எல்லாமே. பெருசா இருந்தா தூரத்திலேயே நின்னுடும், கட்டி பக்கவாட்டுக் குழாய்கள் வழியா பிழைச்சுக்கும். ரொம்பச் சின்னதா இருந்தா நுரையீரல் வரை போயிடலாம்.

சில உருண்டைகள் டாக்சோரூபிசின் மருந்தை மின்னேற்ற ஈர்ப்பால் பிடிச்சு வைச்சு, மெதுவா விடும். ரத்தத்தில் கலக்கும் மருந்து குறையும். ஆனால் பழைய எண்ணெய் முறையைவிட ஆயுள் பெருசா கூடியதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை.

இட்ரியம்-90 உருண்டைகள் வேற ரகம். 20 முதல் 60 மைக்ரோமீட்டர்தான். அடைப்பதைவிட உள்ளிருந்து கதிர்வீச்சு கொடுப்பதே அதன் வேலை. வீச்சு சராசரியா 2.5 மில்லிமீட்டர். சுமார் 64 மணி நேரத்தில் வீரியம் பாதியாகும்.

அடைப்புக்குப் பிறகு சில நாள் காய்ச்சல், வலி, குமட்டல் வரலாம். பெரும்பாலும் இது முழு குணம் இல்லை, அவகாசம். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவருக்கு அந்த அவகாசமே உயிர். உங்க வீட்டில் யாருக்காவது இதைப் பரிந்துரைச்சா, டாக்டரிடம் ரெண்டு கேள்வி கேளுங்க: கல்லீரல் இதைத் தாங்குமா? அடுத்த கட்டம் என்ன?