கையொப்பமும் எழுத்தறிவும்: கேம்பல் பே தரும் சான்று

1. எழுத்தறிவு என்னும் கருத்து

ஏழு வயதும் அதற்கு மேலும் உடைய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிதலுடன் படிக்கவும் எழுதவும் வல்லவராயின், இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. இவ்வரையறையில் ‘புரிதலுடன்’ என்னும் சொல்லே அடிப்படையானது. எனினும், எத்தகைய எழுத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை அது சுட்டவில்லை. எழுத்தறிவுக் கல்வியின் வாழ்க்கைப் பயன் இவ்வினாவில்தான் அடங்கியுள்ளது. பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள கேம்பல் பே இதற்குத் தக்க சான்றாகும்.

2. மொழிச் சூழல்

1969 முதல் பஞ்சாப், மகாராட்டிரம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. பல மொழியினரிடையே இந்தி பொதுமொழியாக வழங்குகிறது. நிக்கோபாரியின் தென்வழக்கும் சோம்பேன் மொழியும் தீவின் பழங்குடி மொழிகள். ஜான் ரிச்சர்ட்சனின் மொழிபெயர்ப்புப் பணியால் நிலைபெற்ற ரோமன் எழுத்து வழக்கு, கார் நிக்கோபார் மொழியைச் சார்ந்தது; தென்வழக்கு அதனின்றும் பெரிதும் வேறுபட்டது. எனவே, ஆட்சி ஆவணத்தைப் படிப்பவர் வீட்டுமொழியை விட்டு வேறொரு மொழிக்குச் செல்ல வேண்டியுள்ளது.

3. இரண்டு ஆவணங்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின், சிங்கென் முதலிய ஊர்களின் நிக்கோபாரியர் கேம்பல் பே பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். 2022 ஆகஸ்டில், தீவின் வளர்ச்சித் திட்டத்திற்குப் பழங்குடியினர் மன்றம் தடையின்மைச் சான்று அளித்தது. ஒதுக்கிடத்திலிருந்து நீக்கப்படும் நிலத்தில் தங்கள் பழைய ஊர்களின் பகுதிகளும் அடங்கும் என்று அறிந்த மன்றம், 2022 நவம்பரில் கடிதம் வாயிலாக அச்சான்றைத் திரும்பப் பெற்றது. மன்றத்தின் குறை மொழியறியாமை பற்றியதன்று. உரிய செய்தி முழுமையாகத் தரப்படாமை பற்றியது.

இவ்விரு ஆவணங்களும் வேறுபட்ட திறன்களை வேண்டுவன. முன்னதற்குக் கையொப்பம் போதும். பின்னதற்கோ, நிலப்பரப்பை ஊர்ப்பெயரோடு பொருத்துதல், விடுபட்டதை உணர்தல், மறுப்பை எழுத்தில் நிறுவுதல் ஆகியன தேவை.

4. முடிவு

‘அறிவிக்கை நீக்கம்’ என்பது சொல்லளவில் சரியான மொழிபெயர்ப்பே. ஆயினும், “உங்கள் ஊர் நிலம் இனி ஒதுக்கிடம் ஆகாது” என்னும் விளைவை அது உணர்த்துவதில்லை. மொழிபெயர்ப்பாளர் கலைச்சொல்லோடு அதன் விளைவையும், இடப்பெயர்களையும் சேர்த்துத் தருதல் வேண்டும். எழுத்தறிவுப் பாடநூல்களில் கதைகளோடு விண்ணப்பம், வரைபடம், ஒப்புதல் படிவம் ஆகியவையும் இடம்பெறுதல் வேண்டும். கையொப்பமிடக் கற்பித்தல் கல்வியின் தொடக்கமே. எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று வினவச் செய்தலே அதன் பயன் எனலாம்.