கூவம் தெளியுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

கூவம் ஆற்றைச் சீரமைப்போம் என்று சொல்லாத ஆட்சி சென்னையில் இல்லை. 1960களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில் கரையோரம் படகுத்துறைகள்கூடக் கட்டினார்கள். இப்போது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்ற தனி அமைப்பே இருக்கிறது. டீக்கடையிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் இது பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கூவத்தில் ஓடுவது ஆற்று நீரா, சாக்கடையா?

மழைக்காலம் தவிர்த்த மாதங்களில், நகருக்குள் ஓடுவது ஏறக்குறைய முழுக்கச் சாக்கடைதான். கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரிவது கேசாவரம் அணைக்கட்டில். அங்கே தண்ணீர் பெரும்பாலும் பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கம் போய்விடும். தப்பி வருவதை ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் தடுத்து, பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறார்கள். இரண்டு ஏற்பாடும் சென்னையின் குடிநீருக்காகத்தான். வரத்தை நாம் எடுத்துக்கொண்டோம். குளித்துக் கழுவிய மிச்சத்தை ஆற்றுக்குத் தருகிறோம். கூவத்தில் குளித்த காலம் உண்டு என்று பெரியவர்கள் சொன்னால் நம்பலாம்.

சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கும்போது சாக்கடை எப்படி ஆற்றுக்கு வருகிறது?

கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் குழாயில் ஏறி அங்கே போய்ச் சேரும் கழிவுநீரைத்தான் அவற்றால் சுத்தம் செய்ய முடியும். 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பல பகுதிகளில் அடுக்குமாடி வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. மழைநீர் வடிகாலோ வாசலிலேயே இருக்கிறது. இரவோடு இரவாக ஒரு பி.வி.சி. குழாயை அதில் செருகிவிட்டால் செப்டிக் டேங்க் லாரிக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அந்த வடிகால் நேரே ஆற்றில் விழுகிறது. பாதாளச் சாக்கடை உள்ள பழைய பகுதிகளும் யோக்கியம் இல்லை. நீரேற்று நிலையம் ஒன்று பழுதானால் பொங்கும் கழிவுநீர் ஓடிச் சேரும் இடமும் அதே வடிகால்தான்.

கரையோரக் குடிசைகளை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீருமே?

இந்த நம்பிக்கையில்தான் அதிகப் பணமும் அதிகக் கண்ணீரும் செலவாகியிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசின் திட்டமிடல் அளவு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துக்கொள்வார்கள். நான்கு பேர் உள்ள ஃபிளாட்டிலிருந்து தினமும் 430 லிட்டர். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து வாழும் குடிசையிலிருந்து அவ்வளவு வர வாய்ப்பே இல்லை.

குடிசைகளை எடுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு, அது நியாயமானதும்கூட. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவைதான். 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் அதைப் பார்த்தோம். ஆனால் அந்த மக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்கள் எவை? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரின் மையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் வாக்கில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. பெருமழையில் செம்மஞ்சேரி மூழ்குவது வழக்கமான செய்தி. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண், காலை ஆறு மணிக்கு அங்கிருந்து பஸ் பிடித்து வந்து வேலையைக் காப்பாற்றிக்கொள்வது கடினம். பள்ளி ஆண்டின் நடுவில் அப்புறப்படுத்தியதால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு.

ஆக்கிரமிப்பு என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும் அல்லவா? பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலையின் தூண்கள் கூவத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லி 2012இல் மாநில அரசே வேலையை நிறுத்தியது. இன்று அதே வழித்தடத்தில் ஈரடுக்குப் பாலத்துக்கு வேலை நடக்கிறது. ஓலைக் கூரை ஆற்றை மறிக்கிறது, கான்கிரீட் மறிக்கவில்லை என்றால் கேட்பவர் சிரிப்பார்.

மாற்று வழி கனவு ஒன்றும் இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தன் பழைய குடியிருப்புகளை நகருக்குள் அதே இடத்தில் இடித்துக் கட்டித் தருகிறது. அந்தக் கணக்கில் கரையோரக் குடும்பங்களையும் சேர்க்கலாம். நகருக்குள் அரசு நிலம் இல்லை என்ற பதிலை, வணிக வளாகத்துக்கு நிலம் கேட்கும்போது மட்டும் யாரும் சொல்வதில்லை.

முகத்துவாரத்தைத் தூர்வாரத் தூர்வார ஏன் மண் மூடுகிறது?

நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870களில் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். மணல் கிடைக்காத வடக்கே, ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. கூவம் கடலில் சேரும் இடம் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, அதாவது மணல் சேரும் மூலையிலேயே இருக்கிறது. ஆற்றில் வேகமான நீரோட்டம் இருந்தால் மணலைத் தள்ளிவிடும். அது இல்லாததால் பொக்லைன் தள்ளுகிறது. தடுப்புச் சுவர் கட்டினால் மூடும் வேகம் குறையும். தூர்வாரும் வேலை நிற்காது.

சிங்கப்பூர் பத்து ஆண்டில் செய்ததை நம்மால் முடியாதா?

1977இல் தொடங்கி 1987இல் முடித்தார்கள், உண்மைதான். ஆனால் சிங்கப்பூர் ஆற்றின் நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். கூவம் சென்னைப் பகுதிக்குள் மட்டும் சுமார் 32 கிலோமீட்டர். அங்கேயும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம் மாற்றினார்கள். சரக்குப் படகுக்காரர்களின் பிழைப்பு ஆற்றை விட்டுப் போனது. நாம் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை செய்த வரிசையை. கழிவு வரும் வழிகளை முதலில் அடைத்தார்கள். நடைபாதையும் விளக்கும் அதற்குப் பின்னால் வந்தன.

அப்படியானால் ஆற்றோரப் பூங்காக்கள் வீண்தானா?

வீண் இல்லை. அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, குப்பை மேடாகக் கிடந்த இடத்தை மீட்ட நல்ல வேலை. ஆனால் பூங்கா ஆற்று நீரைச் சுத்தம் செய்யாது.

இவ்வளவு செலவு செய்து நகரத்துக்கு என்ன லாபம்?

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டில்தான் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரிக்கும் ஆலைகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அந்த நீர் மணலி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு விலைக்குப் போகிறது. ஆலைகள் அதை வாங்கும் அளவுக்குக் குடிநீர் நமக்கு மிஞ்சுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் செலவோடு ஒப்பிட்டால், ஆற்றில் விடும் ஒவ்வொரு லிட்டர் சாக்கடையும் நாம் கொட்டும் காசு. ஆற்றைச் சீரமைக்கப் பணம் எங்கே என்று கேட்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

எங்கள் தெருவின் கழிவுநீர் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மே மாதத்தில், மழை இல்லாத ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தெருவோர மழைநீர் வடிகாலின் மூடி அருகே நின்று கேளுங்கள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அது மழைநீர் இல்லை. வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, எண் 1913. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, எண் 1916. இரண்டுக்கும் சொல்லுங்கள், ஒரு இடத்தில் மட்டும் சொன்னால் மற்ற இடத்தைக் கைகாட்டுவார்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் அடுக்குமாடியின் பிளம்பரை அழைத்து உங்கள் குழாய் எதில் சேர்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.