ஃபெர்மாவை வென்ற எண்

இரண்டை முப்பத்திரண்டு முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 4,29,49,67,297 என்னும் எண், பார்வைக்கு எவ்வித விசேஷமும் அற்றதாகத் தோன்றினும், பதினேழாம் நூற்றாண்டின் மகத்தான கணித மேதை ஒருவர் கொண்டிருந்த திடமான நம்பிக்கையைத் தகர்த்த பெருமை அதற்கு உண்டு.

பிரான்சு தேசத்துத் துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம் வகித்தவாறே ஓய்வு வேளைகளில் எண்களை ஆராய்ந்துவந்த பியேர் ஃபெர்மா, 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதையும், ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்து, அதனை அதனாலேயே பெருக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்ட அடுத்தது பிறப்பதையும் கண்டு, இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்களையே ஈனும் என்று 1640-ஆம் ஆண்டில் எழுதினார். அதற்குப் பூரணமான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவ்வரிசையில் ஆறாவதாக நிற்பதே நம் எண்.

கோல்ட்பாக் என்னும் அறிஞர் 1729-இல் கடிதம் எழுதி இவ்விஷயத்தின்பால் கவனத்தைத் திருப்பியிருக்க, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த இளைஞர் ஆய்லர், 1732-இல் இந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று அறிவித்தார். 65,537-க்கு உட்பட்ட பகா எண்கள் 6,542. அவை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் எத்தகைய சிரமம்! ஆய்லர் பின்னாளில் விளக்கிய வழியோ வேறு. இவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் ஏதேனும் இருக்குமாயின், அது 64-இன் மடங்கொன்றோடு ஒன்று கூடியதாகவே இருந்தாக வேண்டும். அந்த நியதிப்படி எதிர்ப்படுபவை 193, 257, 449, 577, 641 என்பன. ஐந்தாவதில் காரியம் சித்தியாகிவிடுகிறது. ஈவு 67,00,417. அந்த நியதிக்கு ஆதாரமாக நின்றதோ ஃபெர்மாவே உலகுக்கு அளித்த, இன்று அவர் பெயராலேயே வழங்கும் சிறு தேற்றம்; தம் ஆயுதத்தாலேயே அவர் தோற்றார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நீண்ட வகுத்தலின்றியே இவ்வுண்மையைக் காண ஓர் அழகிய மார்க்கம் உண்டு. 641 என்பது, ஐந்தை 128-ஆல் பெருக்கி ஒன்று கூட்டியதும் ஆகும். 625-ஐயும் 16-ஐயும் கூட்டியதும் ஆகும். முன்னதனால், 640-இன் நான்காம் அடுக்காகிய, 625-ஐ இரண்டின் 28-ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை, 641-ஆல் வகுக்க மீதி ஒன்று தரும். பின்னதனால், 625 நிற்குமிடத்தில் 16-ஐக் கழித்தல் குறியோடு வைத்துக்கொள்ளலாம். பதினாறு இரண்டின் நான்காம் அடுக்காதலின், இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்ட, மீதி பூஜ்யமாகிறது. எவ்வளவு சிக்கனமான தர்க்கம்!

வரிசையின் ஏழாவது எண்ணையும் 1880-இல், எண்பத்திரண்டு வயது முதியவரான லாந்திரி இரு காரணிகளாகப் பிளந்தார்.

நம் எண்ணினும் இரண்டு குறைந்த 4,29,49,67,295-க்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களையும் ஒருசேரப் பெருக்கிய பலன். 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காஸ், பதினேழு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவு குறிக்காத நேர்கோலும் மட்டுமே கொண்டு வரையக்கூடும் என்று நிறுவியபோது, அப்பகா எண்கள் வடிவ கணிதத்துக்குள்ளும் பிரவேசித்தன. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின், அது ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களைப் பெருக்கிய பலனாகவோ இருந்தால்தான் அவ்வாறு வரைய இயலும்; ஆறாவது ஃபெர்மா பகா எண் எதுவும் இன்றளவும் அகப்படாமையால், அவ்வாறு வரையத்தக்கவற்றுள், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டதாக நாம் அறிந்த மிகப் பெரிய பலகோணம் 4,29,49,67,295 பக்கங்களை உடையது.