தகர லிஸ்ஸி

மேட்டில் ஏறுவதற்கு மோட்டாரைப் பின்புறமாக ஓட்டினார்கள் என்றால் சிரிப்பீர்கள் அல்லவா? அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1908-ல் வெளியிட்ட 'மாடல் டி' காருக்கு அந்த யோகம் உண்டு! பெட்ரோல் டாங்க் ஆசனத்துக்கு அடியில், பம்பு கிடையாது. செங்குத்தான மேட்டில், பெட்ரோல் குறைந்திருந்தால் எஞ்சினுக்கு இறங்காது.

'தகர லிஸ்ஸி' என்று கேலி செய்தாலும் ஜனங்கள் அதை விடவில்லை. ஆரம்பத்தில் 850 டாலர். 1925-ல் மிக மலிவான ரகம் 260 டாலர்தான். குடியானவர் வீடுகளில் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டை மாட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓட்டினார்களாம்!

ஒரு சங்கடம். கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். கார் வாசலில் நின்றும், பல பெண்கள் கணவனையோ மகனையோ எதிர்பார்த்திருந்தார்கள். 1919-ல் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. காலால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்!

1927-ல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்திருந்தன. அந்தச் சிறு பொத்தானின் அருமையை, சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?