மாதம் ஒரு கட்டம்: துண்டுத் துணியில் போர்வை தைக்கும் முறை

தறியிலிருந்து துணியை அறுத்தெடுக்கும்போது அளவுக்கு எட்டாத ஒரு துண்டு எஞ்சுகிறது. தையற்கடையில் சட்டை வெட்டியபின் கைக்குட்டைக்கும் போதாத சிறு துணிகள் தரையில் சேருகின்றன. உழவர் இல்லங்களில், நடுப்பகுதி நைந்து ஓரம் மட்டும் உறுதியாக நிற்கும் சேலைகள் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. இவற்றைக் கழிவென்று எடைக்குப் போட்டுவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நூற்றவர், சாயமேற்றியவர், நெய்தவர் ஆகிய மூவரின் உழைப்பும் முழுத் துணியில் இருப்பது போலவே துண்டிலும் இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்துண்டுகளைக் கொண்டு மாதம் ஒரு கட்டமாகத் தைத்து, ஆண்டு முடிவில் ஒரு போர்வையாக இணைக்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். ஒவ்வொரு கட்டமும் தையற்கலையில் ஒரு பாடமாக அமையும். பன்னிரண்டு பாடங்களும் முடியும்போது கையில் ஒரு தொழிலும் வீட்டில் ஒரு போர்வையும் இருக்கும். மேலும், பலருடைய கைகள் ஒரே அளவுக்குப் பழகினால்தான் சங்கத்தின் பெயரால் ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்ப இயலும். ஆகவே இதனைக் கூட்டு முயற்சிக்குரிய பயிற்சியாகவே அங்கத்தினர்கள் கொள்ள வேண்டுகிறோம்.

நமது கரையும் இக்கலையும்

ஒட்டுத்துணிப் போர்வை மேல்நாட்டு வழக்கமென்று சிலர் கருதுவர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்துத் துணி வாணிபம் செய்தனர். அவர்களுடைய கோட்டை இன்றும் அங்கே சிதைந்து நிற்கிறது. சோழமண்டலக் கரையில் ஏற்றுமதியான பருத்தித் துணிகளும் சாயம் தீட்டிய சீட்டித் துணிகளும் ஐரோப்பாவில் பெரும் மதிப்புப் பெற்றன. அந்நாட்டு நெசவாளர் தம் பிழைப்புக் கெடுகிறதென்று முறையிடவே, 1700ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இந்திய அச்சுத் துணிகளை உள்நாட்டில் விற்கத் தடை விதித்தது. 1721ஆம் ஆண்டின் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுத்தது. இந்திய சீட்டித் துணியின் சிறு துண்டுகளை இணைத்து 1708ஆம் ஆண்டளவில் தைத்ததாகக் கூறப்படும் ஒரு போர்வை, வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள லெவன்ஸ் மாளிகையில் இன்றும் காக்கப்படுகிறது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் அதுவும் ஒன்று. நம் நாட்டுத் துணியின் துண்டைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை.

இந்தியாவிலும் இக்கலைக்குப் பல வடிவங்கள் உண்டு. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையலால் சித்திரம் வரைந்து 'கந்தா' தைக்கின்றனர். சிந்து, ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் 'ரல்லி' எனும் போர்வை புகழ் பெற்றது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் 'கவண்டி' தைக்கும்போது ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிக்கின்றனர். நான்கு மூலைகளிலும் 'பூ' என்று ஒரு மடிப்புத் துணியையும் வைக்கின்றனர். நமது கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளை அறியாதார் இல்லை. வெட்டிய வண்ணத் துணிகளை வேறொரு துணிமேல் வைத்துத் தைக்கும் அவ்வேலைப்பாடும் இக்கலையின் ஒரு பிரிவேயாகும்.

நூல் பிசகினால்

கட்டம் என்பது முடிந்த நிலையில் 12 அங்குலச் சதுரம். சுற்றிலும் தையலுக்காகக் கால் அங்குலம் விடவேண்டியிருப்பதால், இணைப்பதற்கு முன் அது 12 ½ அங்குலம் இருக்கவேண்டும். தச்சரும் கொத்தரும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகக் கணக்கிடுவர். அக்கணக்கே இவ்வேலைக்கும் மிகப் பொருத்தமானது. அதன்படி தையலுக்கு விடுவது 2 நூல். கட்டத்தின் அளவு 12 அங்குலம் 4 நூல்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். இரண்டு அங்குல அகலமுள்ள ஆறு பட்டைகளை இணைத்து ஒரு கட்டம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆறு பட்டைகளுக்கு ஐந்து இணைப்புகள். தைப்பவர் 2 நூலுக்குப் பதிலாக இரண்டரை நூல் விட்டுத் தைத்தால், ஒவ்வோர் இணைப்பிலும் இருபுறமும் அரை நூல் வீதம் ஒரு நூல் குறைகிறது. ஐந்து இணைப்புகளில் 5 நூல் போய்விட, கட்டம் 11 அங்குலம் 7 நூலில் நிற்கும். அத்தகைய கட்டங்கள் மூன்றை ஒரு வரிசையில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு அங்குலம் குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை நூல், போர்வையில் கோணலாக வெளிப்படுகிறது.

ஆதலால் சங்க அலுவலகத்தில் தகட்டில் வெட்டிய ஓர் அளவுச் சட்டத்தை வைத்திருப்பது நலம். அங்கத்தினர்கள் தத்தம் அட்டை அளவுகளை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடையில் விற்கும் அளவுநாடாக்கள் நாளடைவில் நீண்டுவிடும்; ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை.

துணியின் செலவையும் இங்கே கவனிக்கவேண்டும். முடிந்த கட்டத்தின் பரப்பு 144 சதுர அங்குலம். ஒன்பது சதுரங்களால் அதை ஆக்கினால் வெட்டவேண்டிய துணி சுமார் 182 சதுர அங்குலம். அதே கட்டத்தை முப்பத்தாறு சிறு சதுரங்களால் ஆக்கினால் 225 சதுர அங்குலம் தேவைப்படும். துண்டு சிறுக்கச் சிறுக்கத் தையலுக்குள் மறையும் துணியும் செலவாகும் நேரமும் பெருகுகின்றன. விற்பனைக்குத் தைப்போர் இதனை மறத்தலாகாது.

துணியைப் பதப்படுத்துதல்

கைத்தறித் துணி முதல் சலவையில் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிட வேண்டும். சிவப்பு, நீலம் முதலிய அழுத்தமான சாயங்களை ஈரமான வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தேய்த்துப் பார்க்கவேண்டும். கறை ஏறினால் அத்துணியைத் தள்ளிவிடுவதே மேல். ஒரு துண்டின் சாயம் முழுப் போர்வையையும் கெடுத்துவிடும்.

நெருக்கம் குறைந்த நெசவில் வெட்டிய ஓரம் விரைவில் பிரியும். மெல்லிய கஞ்சி போட்டு இஸ்திரி செய்தபின் வெட்டினால் ஓரம் நிற்கும். கஞ்சியின் பயனை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. துண்டுகளைப் பாவு நூலுக்கோ ஊடை நூலுக்கோ இணையாகவே வெட்டவேண்டும். குறுக்காக வெட்டிய ஓரம் இழுபடும். கட்டம் போட்ட கைலித் துணி கிடைத்தால் அதன் கோடுகளே அளவுகோலாக உதவும். பட்டையும் பருத்தியையும் ஒரே போர்வையில் கலக்கலாகாது. இரண்டிற்கும் சலவை முறை வேறு.

பன்னிரண்டு பாடங்கள்

தை மாதத்தில் தொடங்குவோமாயின் மார்கழியில் பன்னிரண்டும் நிறைவுறும். மூன்று மாதத்திற்கு ஒரு படியாக இவற்றை வகுத்துள்ளோம்.

முதற்படி நேர்த்தையல். தையில் 6 அங்குலச் சதுரங்கள் நான்கு. மாசியில் 4 அங்குலச் சதுரங்கள் ஒன்பது. பங்குனியில் 2 அங்குலப் பட்டைகள் ஆறு. முதல் மாதம் கற்பது 2 நூல் ஒழுங்கு. இரண்டாம் மாதம் கற்பது மூலைகள் சந்திக்கும் முறை. அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கமாக மடித்து இஸ்திரி செய்தால், இணைக்கும்போது அவை ஒன்றோடொன்று பொருந்தி நின்று மூலை பிசகாது. மூன்றாம் மாதத்துப் பட்டைக் கட்டம் முன்பு கூறிய அளவுப் பிழைக்குப் பரீட்சை.

இரண்டாம் படி முக்கோணம். இரு முக்கோணங்களை இணைத்து ஒரு சதுரம் செய்ய, முடிந்த அளவோடு 7 நூல் கூட்டிச் சதுரமாக வெட்டி, அதனை மூலைக்கு மூலை இரண்டாக்க வேண்டும். 4 அங்குலச் சதுரம் வேண்டின் வெட்டுவது 4 அங்குலம் 7 நூல். சித்திரையில் இதைக் கொண்டு ஒன்பது சதுரக் கட்டம் ஒன்றும், வைகாசியில் 6 அங்குலச் சதுரங்கள் நான்கைச் சுழற்றி வைத்த காற்றாடியும், ஆனியில் எண்முனை நட்சத்திரமும் தைக்கலாம். முக்கோணத்தின் நீண்ட பக்கம் இழுபடும் ஓரமாதலால், கையால் இழுக்காமல் துணியைத் தானே நகரவிட்டுத் தைக்கும் பொறுமை இக்காலத்தில் வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள நாட்களும் ஏறத்தாழ இவையே. கடற்கரைக் குப்பங்களின் பெண்களையும் இவ்வகுப்பில் சேர்த்துக்கொள்ள இது ஏற்ற காலம்.

மூன்றாம் படியில் ஆடியில் சுற்றுப்பட்டைக் கட்டம் வரும். நடுவில் ஒரு சிறு சதுரத்தை வைத்து, கிணற்றுக்கு உறை அடுக்குவதுபோல் அதைச் சுற்றிப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். ஆவணியில் வளைவுத் தையல். புரட்டாசியில் தொம்பை வேலைபோல் மீன், சங்கு, அன்னம் முதலிய உருவங்களை வெட்டி, ஓரத்தை ஒரு நூல் அளவு உள்மடித்து அடித்துணியின்மேல் தைத்தல்.

நான்காம் படி கைத்தையல். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருப்பாவு போட இயலாமல் தறி வேலை தடைப்படும். விளக்கு வெளிச்சத்திலும் திண்ணையிலும் செய்யத்தக்க வேலை அப்போது வேண்டும். ஐப்பசியில் காகித அச்சின்மேல் துணியை மடித்து அறுகோணங்கள் இணைத்தல். கார்த்திகையில் கந்தா முறையிலான ஓட்டுத்தையல் கட்டம். மார்கழிக் கட்டத்திற்கு நாம் மாதிரி வகுக்கவில்லை. மதகோடு கூடிய ஏரியோ, கட்டுமரமோ, குழித்தறியோ, தத்தம் ஊரிலிருந்து ஒன்றை அவரவரே அமைத்துக்கொள்க.

பன்னிரண்டு கட்டங்களையும் மூன்றுக்கு நான்காக இணைத்தால் 36 அங்குலத்திற்கு 48 அங்குலம் வரும். நாற்புறமும் 6 அங்குலக் கரை சேர்த்தால் 48க்கு 60. குழந்தைக்கும் சிறுவருக்கும் இது போதும். நமது கடற்கரைக் காற்றுக்குத் தடித்த பஞ்சு வேண்டா. நன்கு துவைத்த பழைய வேட்டியை இடையிலும், முழுத் துணியொன்றை அடியிலும் வைத்து, சுருக்கமில்லாமல் பரப்பித் தற்காலிகத் தையல் போட்டபின், நான்கு அங்குலத்திற்கு ஒரு வரிசையாவது மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கவேண்டும். ஓரத்திற்குப் பட்டி வைத்து முடிக்கலாம். உப்பங்காற்றில் துணி எளிதில் பூசணம் பிடிக்குமாகையால், முற்றும் உலராத போர்வையை மடித்து வைத்தலாகாது.

உழைப்பின் கணக்கு

துண்டுத் துணி இலவசமாகக் கிடைக்கிறதென்பதால் போர்வையையும் மலிவாக விற்றுவிடும் அபாயம் உண்டு. ஒரு கட்டத்திற்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டிற்கு 48 மணி. இணைத்து முடிக்க மேலும் 40 மணி எனக் கொண்டால் மொத்தம் 88 மணி. அதாவது எட்டு மணி வீதம் பதினொரு நாள் வேலை. பதினொரு நாள் கூலியும் அடித்துணி, நூல் விலையும் சேராத எந்த விலையும் அப்பெண்ணின் கையிலிருந்து எடுத்ததேயாகும். அவ்விலைக்கு வாங்குவோர் இல்லாத இடத்தில், ஒற்றைக் கட்டத்தால் தலையணை உறையும் இரண்டு கட்டங்களால் பையும் தைத்து விற்பது புத்திசாலித்தனம். மாமல்லபுரத்திற்கு வரும் பிரயாணிகள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருளையே விரும்புவர்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் பகுதியில், வறிய கறுப்பினப் பெண்கள் 1966ஆம் ஆண்டில் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்துத் தாம் தைத்த போர்வைகளை நியூயார்க் நகரில் விற்றனர். பெரிய கடைகளின் ஒப்பந்தங்கள் கிடைத்தபோது, மனம்போனபடி தைத்துப் பழகியவர்கள் குறித்த அளவுக்கும் தரத்துக்கும் தைக்கவேண்டியதாயிற்று. அக்கூட்டுறவு பலருக்குப் பல ஆண்டுகள் ஊதியம் தந்து, 2012இல் முடிவுற்றது. அதே வட்டாரத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தம் வீட்டிற்கென்று மனம்போனபடி தைத்த போர்வைகளோ, 2002ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் பெரிய கலைக்கூடங்களில் ஏறின. சந்தைக்கு அளவு வேண்டும். கலைக்குக் கையின் சுதந்திரம் வேண்டும். பதினொரு கட்டங்களை அளவுக்கு விட்டு, பன்னிரண்டாவதைத் தைப்பவருக்கே விட்டதன் காரணம் இதுவே.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், ஆரோவில்லில் உள்ள உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியில் சிறு பொம்மை செய்யக் கற்பித்தது. 'சுனாமிகா' எனப்பட்ட அப்பொம்மை விலைக்கு விற்கப்படாமல் அன்பளிப்பாகவே பல நாடுகளுக்குச் சென்றது. செய்த பெண்களுக்கோ, நன்கொடைகளிலிருந்து உழைப்பிற்கு ஊதியம் கிடைத்தது. துண்டுத் துணி ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்த உதவும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

1904ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, சிறு தொகைகளை ஒன்றுசேர்த்தால் பெருங்காரியம் ஆகும் என்பதே அதன் அடிப்படையாயிருந்தது. ஒரே கணக்கில் எழுதப்பட்டதால் அச்சிறு தொகைகள் மூலதனமாயின. ஒரே அளவில் வெட்டப்பட்டால் நமது துண்டுகளும் அவ்வாறே ஆகும். அங்கத்தினர்கள் இம்மாதமே 12 அங்குலம் 4 நூலில் ஓர் அட்டை வெட்டி, நான்கு சதுரக் கட்டம் ஒன்றைத் தைத்துச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருவார்களாக. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்போம். ஓரங்கள் ஒத்து நின்றால் இரண்டாம் பாடத்தைத் தொடங்கலாம்.