சுவர் நகரும் முன் ஒரு சுற்று

ஆர்.வி. எனும் வீட்டு வண்டியை ஓட்டுபவர்கள் சாலையில்தான் பயந்து பயந்து ஓட்டுவார்கள். தாழ்வான பாலம், குறுகலான வளைவு, பெட்ரோல் பங்கின் கூரை என்று எல்லாவற்றின் மேலும் கண் இருக்கும். கேம்ப்கிரவுண்டுக்கு வந்து சேர்ந்து பிரேக்கைப் போட்டு இன்ஜினை அணைத்ததும் மனசு லேசாகிவிடும். கை தானாகவே சுவரை வெளியே தள்ளும் சுவிட்சுக்குப் போகும். இந்த வண்டிகளில் நேரும் சேதங்களில் மிகவும் வருத்தம் தருபவை அந்த அரை நிமிடத்தில் நேர்பவைதான். ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவற்றை வண்டியை ஒருமுறை சுற்றிவந்தே தவிர்த்திருக்கலாம்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும்போது இந்த வண்டிகளின் அகலம் 102 அங்குலத்துக்குள், அதாவது எட்டரை அடிக்குள் இருக்க வேண்டும். அதற்குள் ஒரு குடும்பம் படுத்து, சமைத்து, உட்கார்ந்து பேச இடம் போதாது. அதனால் வண்டி நின்றதும் சுவரின் ஒரு பகுதி மேசை இழுப்பறை போல வெளியே நகர்ந்து, இரண்டு மூன்று அடி கூடுதல் இடம் தருகிறது. இதற்கு ஸ்லைடு அவுட் என்று பெயர். சோபா, சாப்பாட்டு மேசை, சில வண்டிகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும்கூட அதன் மேலேயே நகரும். இந்தியானா மாநிலம் நாப்பனியில் உள்ள நியூமார் நிறுவனம் 1990-இல் இதைக் கொண்டுவந்தது. அதே வட்டாரத்தில், எல்கார்ட்டைச் சுற்றித்தான் அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பங்கு தயாராகிறது. இன்று ஸ்லைடு இல்லாத பெரிய ஆர்.வி.யைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடுமுறைக்கு வாடகை வண்டி எடுத்து யெல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் போகும் நம் குடும்பங்களுக்கும் பல நேரம் ஸ்லைடு உள்ள வண்டி கிடைக்கிறது. சாவி கொடுக்கும்போது சொல்லித்தரும் பத்து விஷயங்களில் ஸ்லைடும் ஒன்றாகக் கடந்துபோய்விடுகிறது.

ஆயிரம் பவுண்டுக்கும் அதிகமான எடையை நகர்த்தும் இந்தப் பொறிக்கு எதிரில் இருப்பது மரமா, திறந்த கதவா, குழந்தையின் பொம்மையா என்று தெரியாது. எவ்வளவு தெரியாது என்பது பொறியின் வகையைப் பொறுத்தது. வண்டியின் அடிச்சட்டத்தோடு ஓடும் பல்தண்டும் பற்சக்கரமும் கொண்ட வகை முரட்டுத்தனமானது. ஏதாவது தடுத்தால், மற்ற பாகங்களைக் காப்பதற்காகவே சில மாடல்களில் வைத்திருக்கும் பலவீனமான போல்ட் முதலில் முறியும். ஹைட்ராலிக் வகை அதைவிட வலியது. எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு இருக்கும். அலமாரிக் கதவை நொறுக்கும்போது பம்பின் சத்தம்கூட அதிகம் மாறாது. மூன்றாவது, ஷ்வின்டெக் என்ற பெயரில் பரவி, 2010-இல் லிப்பர்ட் நிறுவனத்தின் கைக்குப் போன வகை. ஸ்லைடின் இரு பக்கச் சுவரிலும் அலுமினியத் தடம், பக்கத்துக்கு ஒரு சிறு மோட்டார். இரண்டையும் சம வேகத்தில் நடத்துவது ஒரு மின்னணுப் பெட்டி. இது மென்மையானது. ஒரு பக்கம் தடுக்கப்பட்டு மறுபக்கம் நகர்ந்தால் ஸ்லைடு கோணலாகி மாட்டிக்கொள்ளும்.

எந்த வகையானாலும், முதல் இடியில் ஆகும் சேதம் பெரும்பாலும் சிறியதுதான். அதைப் பெரிதாக்குவது அடுத்து நாம் செய்வது. ஸ்லைடு பாதியில் நின்றதும், ‘என்ன ஆச்சு?’ என்று பார்க்காமல் இன்னொரு முறை அழுத்துகிறோமே, அந்த இரண்டாவது அழுத்தலில்தான் கீறல் கிழிசலாகிறது, திருகாணி மரத்தைப் பிய்த்துக்கொண்டு வருகிறது, தடம் வளைகிறது. நடுவழியில் சத்தம் மாறினாலோ, வேகம் குறைந்தாலோ, ஒரு மூலை பின்தங்கினாலோ விரலை எடுத்துவிட வேண்டும். என்ன தடுக்கிறது என்று கண்ணால் பார்த்து, வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, தடையை அகற்றிய பிறகுதான் மறுபடி சுவிட்ச்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷ்வின்டெக் வகையில் ஸ்லைடு முழுதாக வெளியேயோ உள்ளேயோ போய்ச் சேர்ந்ததும் விரலை உடனே எடுக்கக் கூடாது. இரண்டு மோட்டார்களும் தாமாக நிற்கும்வரை சில நொடி அழுத்தியே இருக்க வேண்டும். அப்போதுதான் அவை ஒன்றோடொன்று கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ‘போதும், போதும்’ என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே விட்டுவிடுபவர்களின் ஸ்லைடுதான் நாளடைவில் கோணலாகிறது.

சுவிட்சைத் தொடும் முன் உள்ளே என்ன பார்க்க வேண்டும்? தரையில் கிடக்கும் செருப்பு, சார்ஜர் வயர், நாயின் தட்டு, சரியாக மூடாத டிராயர். முன்பக்கம் ஸ்லைடு உள்ள மோட்டார்ஹோம்களில் ஓட்டுநர் இருக்கையை முன்னே தள்ளி முதுகை நிமிர்த்தியிருக்க வேண்டும். மறந்தால் இருக்கையும் ஸ்லைடின் ஓரச் சட்டமும் மோதும். வெளியே போன ஸ்லைடின் தரை வண்டியின் தரையோடு சமமாக இறங்கும் வண்டிகளில், உள்ளே இழுக்கும்போது அது உருளைகளின் மேல் ஏறிவரும். அடியில் ஒரு சின்னக் கூழாங்கல் சிக்கினால் போதும், வினைல் நீளமாகக் கிழியும். அதனால் பெருக்காமல் ஸ்லைடை இழுப்பதே கூடாது.

வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும். கேம்ப்கிரவுண்டில் கரன்ட் கொடுக்கும் கம்பம், மரக்கிளை, பக்கத்து வண்டி, ஸ்லைடின் பாதையில் திறந்துகிடக்கும் சாமான் அறைக் கதவு ஆகியவற்றை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். குழந்தைகள் எங்கே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அழுத்துங்கள். பொருள் உடைந்தால் ஒட்டலாம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் போனால் ஒட்ட முடியாது. வண்டி மட்டமாக நிற்பதும் முக்கியம். சட்டம் முறுக்கிக்கொண்டால் ஸ்லைடின் திறப்பும் கோணலாகும். வண்டியை மட்டப்படுத்தும் ஜாக்கை முதலில் இறக்குவதா, ஸ்லைடை முதலில் தள்ளுவதா என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் முறை வேறு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுதான் சட்டம். மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவதால் பேட்டரி சோர்ந்திருக்கும்போது இயக்குவதும் வினைதான். நடுவழியில் நிற்பதும், மோட்டார்கள் கணக்குத் தவறுவதும் பல நேரம் அங்கிருந்தே தொடங்கும்.

கிளம்பும் நாளில் ஏணி வைத்து ஸ்லைடின் கூரையைப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. பைன் ஊசியும் குச்சியும் அங்கே சேர்ந்திருக்கும். அப்படியே இழுத்தால் குச்சி, ஸ்லைடின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் பட்டைக்கு அடியில் புகுந்து கூரையின் ரப்பர் உறையைக் கீறிவிடும். மேலே துணி மூடி இருந்தாலும் பக்கவாட்டில் குப்பை புகும். குளிர்காலத்தில் பனி உறைந்திருந்தால் அதை முதலில் அகற்றியாக வேண்டும்.

இனி, சேதம் நேர்ந்துவிட்டால். அன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் புகாமல் மூடுவது. வெளிச்சுவரின் ஃபைபர்கிளாஸ் தகடு மெல்லியது. பல வண்டிகளில் அதன் பின்னே மெல்லிய பிளைவுட் ஒட்டியிருக்கும். கீறல் வழியாக மழை இறங்கினால் பிளைவுட் ஊறி, பசை விட்டு, சுவர் கொப்புளமாக உப்பும். முன்னூறு டாலரில் முடிந்திருக்க வேண்டியதை ஆயிரங்களில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த ஈரம்தான். எனவே துடைத்து உலர்த்தி, வெளிப்புறத்துக்கான நீர்புகா டேப்பை அன்றே ஒட்டுங்கள். நிரந்தரப் பழுது நிதானமாக நடக்கட்டும். ஏற்கெனவே ஊறிவிட்டதா என்பதை ஈரமானியால் பார்த்து, முழுக்க உலர்ந்த பிறகே அடைக்க வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் மறைவாக அழுகும்.

கூரை உறை கிழிந்திருந்தால் அது எந்த வகை என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒத்துப்போகும் பேட்ச்சை வாங்குங்கள். ஸ்லைடின் கூரையில் ஒட்டு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த மேடாக விட்டால் அடுத்த முறை ரப்பர் பட்டை அதிலேயே இடறிக் கிழியும். சாதாரண சிலிக்கோன் பூசிவிடாதீர்கள். அதன் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது.

ரப்பர் பட்டை பிய்ந்திருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துச் சென்று, அதன் குறுக்குவெட்டு வடிவத்துக்குச் சரியாகப் பொருந்துவதையே வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் பட்டைகள் நிறைய உண்டு. உள்ளே பிய்ந்த மரச்சட்டத்தைப் பசையும் திருகாணியும் கொண்டு நாமே பொருத்தலாம். நீளமான திருகாணி மட்டும் வேண்டாம். அது வயரைத் துளைக்கும், இல்லையென்றால் வெளிச்சுவரில் தலைகாட்டும். ஆனால் வளைந்த தடத்தைச் சுத்தியலால் நிமிர்த்த முயலக் கூடாது. நாலு மூலையிலும் ஸ்லைடுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று மாறினால் மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்.

ஸ்லைடு வெளியே மாட்டிக்கொண்டு உள்ளே வர மறுத்தால் வண்டியை நகர்த்த முடியாது. முதலில் ஃபியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். அதற்குப் பிறகு கைமுறை: சிலவற்றில் மோட்டாரின் பிரேக்கை விடுவித்துக் கைப்பிடியால் சுற்றலாம், சிலவற்றில் வால்வைத் திறக்க வேண்டும், சிலவற்றில் நாலு பேர் இரு பக்கமும் சமமாகத் தள்ள வேண்டும். உள்ளே வந்ததும் அந்தப் பிரேக்கையோ வால்வையோ மறுபடி பூட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் ஓடும் வண்டியில் ஸ்லைடு தானாக வெளியே நழுவும். வாடகை வண்டி எடுப்பவர்கள் இந்த ஒன்றையாவது கிளம்பும் முன் செய்துகாட்டச் சொல்லி, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது முடிந்ததும் ஸ்லைடை முழுதாக வெளியே தள்ளி, தோட்டத்துக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே மூலைகளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாய் வேண்டாம். அது நல்ல பட்டையையும் தாண்டி உள்ளே புகும். காகிதம் நனைந்தால் கீழ் மூலைகளில் தொடங்கித் தேடுங்கள். இரண்டு பட்டைகள் சந்திக்கும் வெட்டு பெரும்பாலும் அங்கே இருக்கும்.